பி.எஸ்சி. எல்எல்.பி. சேரும் முன் அந்த பி.எஸ்சி.க்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

பிளஸ் டூவில் அறிவியல் குரூப் எடுத்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் இப்போது அடிக்கடி கேட்கிறார்கள்: "பி.எஸ்சி. எல்எல்.பி. போடலாமா? ஐந்தே வருஷத்தில் ரெண்டு டிகிரி ஆச்சே?" போடலாம். ஆனால் ரெண்டு டிகிரி என்ற கணக்கை நம்பிப் போடாதீர்கள். என் பார்வையில் இது முழுக்க முழுக்க ஒரு சட்டப் படிப்பு. கூடவே வரும் அறிவியல் எவ்வளவு ஆழம் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அதைப் பார்க்காமல் சேர்ந்தால் ஐந்து வருஷம் கழித்துத்தான் விஷயம் தெரியவரும்.

தாள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சட்டப் பகுதியின் அளவு கல்லூரி கையில் இல்லை, சட்டக் கல்வியை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளில் இருக்கிறது. கட்டாயத் தாள் 20, மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்ற வாதம்), வழக்குரை வரைவு போன்ற பயிற்சித் தாள் 4, விருப்பத் தாள் குறைந்தது 6. ஆக 30. ஹானர்ஸ் என்றால் மேலும் 8. செமஸ்டருக்கு ஐந்து தாள் என்று வைத்தால் பத்து செமஸ்டருக்கு 50 தாள். அறிவியலுக்கு மிஞ்சுவது 12 முதல் 20 வரை, அதிலும் ஆங்கிலத்துக்குக் கொஞ்சம் போய்விடும். இந்த மிச்சத்தை இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும் பாடத்திட்டத்தில் எந்தப் பாடத்திலும் முதல் வருஷத்தைத் தாண்ட முடியாது. ஒரே பாடத்தை எடுத்து, வாராவாரம் லேப் வைத்து, நான்கைந்து செமஸ்டர் கொண்டுபோகும் இடம் இருந்தால் அதைத்தான் தேட வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதே இல்லை. சட்டம் பிடிக்கவில்லை என்று மூன்றாம் வருஷ முடிவில் பி.எஸ்சி.யை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வர முடியாது. அதே விதிகளில் 13-ஆம் விதி ஒருங்கிணைந்த பட்டத்தை நடுவில் பிரித்துத் தருவதைத் தடை செய்கிறது. நான்கு வருஷம் படித்துவிட்டு நின்றாலும் கையில் இருப்பது பிளஸ் டூ சான்றிதழ்தான்.

நுழைவுத் தேர்வும் அறிவியலைச் சோதிப்பதில்லை. காந்திநகரில் உள்ள குஜராத் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. எல்எல்.பி.க்குக் கிளாட் என்ற பொதுச் சட்ட நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்: 120 நிமிடம், 120 கேள்வி, தப்பான விடைக்கு 0.25 மதிப்பெண் போகும். ஆங்கிலம், நடப்புச் செய்தி, சட்டம் சார்ந்த பகுத்தாய்வு, தர்க்கம், கொஞ்சம் கணக்கு. வேதியியலுக்கென்று ஒரு பகுதியும் இல்லை. நீட்டுக்குப் படித்த பிள்ளை அந்தப் படிப்பை நம்பி இதற்குள் போக முடியாது, வாசிப்பு வேகம் வேண்டும்.

அப்படியானால் அறிவியல் எதற்கு என்று கேட்பீர்கள். நோவார்ட்டிஸ் என்ற மருந்து நிறுவனத்தின் வழக்கையே எடுத்துக்கொள்வோம். இரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு 1998-இல் சென்னை அலுவலகத்தில் விண்ணப்பித்தார்கள். 2006-இல் அங்கே நிராகரிப்பு, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. தெரிந்த ஒரு பொருளின் புது வடிவத்துக்குக் காப்புரிமை வேண்டுமானால் அதன் பலன் கூடியிருப்பதைக் காட்ட வேண்டும் என்பது காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. நிறுவனம் முன்வைத்த எண்களில் ஒன்று, மருந்து உடலில் சேரும் அளவு 30 சதவீதம் கூடுகிறது என்பது. வேதியியல் படித்தவர் உடனே கேட்பார்: எதோடு ஒப்பிட்டு 30? அந்த ஒப்பீடு இமாட்டினிப் ஃப்ரீ பேஸோடு, அதாவது உப்பாக மாற்றாத மூல வடிவத்தோடு செய்யப்பட்டது, ஏற்கெனவே தெரிந்த மெசிலேட் உப்போடு செய்யப்படவில்லை. உப்பு ஃப்ரீ பேஸைவிட நன்றாகக் கரையும் என்பது பாடப்புத்தகச் செய்தி. உடலில் கூடுதலாகச் சேர்வது மட்டுமே நோய் தீர்க்கும் பலன் கூடியதற்குச் சான்றாகாது என்றும் நீதிமன்றம் சொன்னது. அந்த முதல் கேள்வி சட்டப் புத்தகத்திலிருந்து வராது, லேபில் கண்ட்ரோல் (ஒப்பீட்டு மாதிரி) வைத்துச் சோதனை செய்த பழக்கத்திலிருந்துதான் வரும்.

சாதாரணக் கோர்ட்டிலும் இதே கதைதான். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைப் பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவில் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். ரத்தம் எடுத்த குழாயில் கிருமிகளைத் தடுக்கும் சோடியம் ஃபுளோரைடு இல்லாமல் வெக்கையில் கிடந்தால், கிருமிகள் ரத்தச் சர்க்கரையை நொதிக்கவைத்து ஆல்கஹாலை உண்டாக்கலாம். மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் இருந்த ஆல்கஹாலும் ஆவியாகிவிடும். குறுக்கு விசாரணையில் எதைக் கேட்பது என்பது இது தெரிந்தவருக்கே தெரியும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும், ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் போய் ஆதாரம் சேகரிக்க வேண்டும் என்கிறது. மாநிலங்களுக்கு இதில் ஐந்தாண்டு வரை அவகாசம் உண்டு. இனி தடயவியல் அறிக்கையை வாசிக்கத் தெரிந்த வக்கீல் இரண்டு தரப்புக்கும் தேவைப்படுவார்.

காப்புரிமை முகவர், அதாவது பிறருக்காகக் காப்புரிமை விண்ணப்பம் எழுதித் தாக்கல் செய்பவர் ஆக ஆசைப்பட்டுத்தான் நிறையப் பேர் இந்தப் படிப்பைக் கேட்கிறார்கள். காப்புரிமைச் சட்டத்தின் 126-ஆம் பிரிவுப்படி இந்தியக் குடிமகனாக, 21 வயது நிரம்பியவராக, அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் பெற்றவராக இருந்து, தேர்விலும் தேற வேண்டும். சட்டப் பட்டம் கட்டாயமே இல்லை! இரண்டு எழுத்துத் தாள் தலா 100, நேர்முகம் 50. ஒவ்வொரு தாளிலும் 50, மொத்தத்தில் 60 சதவீதம். பெரும்பாலும் சறுக்குவது விண்ணப்பம் வரையும் இரண்டாம் தாளில். கண்டுபிடிப்பைக் கதையாக விவரிக்க வருகிறது, ஆனால் எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் உரிமைக் கோரிக்கையை ஒரே வாக்கியத்தில், தேவையில்லாத ஒரு சொல்லும் இல்லாமல் எழுத வருவதில்லை. ஒரு சொல் கூடினால் உரிமை குறுகும். அந்தச் சொல்லை விட்டுவிட்டு வேறொருவர் அதே பொருளைச் செய்துவிட்டுப் போவார்.

இதனால்தான் காப்புரிமை மட்டுமே குறி என்றால் 3+3 வழியைச் சொல்கிறேன். நல்ல கல்லூரியில் மூன்று வருஷ பி.எஸ்சி., பிறகு மூன்று வருஷ எல்எல்.பி. ஒரு வருஷம் கூடுதல்தான். ஆனால் 21 வயதில் அறிவியல் பட்டம் கையில் இருக்கும், சட்டம் படிக்கும்போதே முகவர் தேர்வு எழுதலாம். ஒருங்கிணைந்த படிப்பில் அந்தப் பட்டத்துக்கு ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் மூன்று வருஷப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பட்டப்படிப்பு மதிப்பெண்தான் பேசும். நடுவில் எம்.எஸ்சி. படிக்கத் தோன்றினாலும் கதவு திறந்தே இருக்கும். மருந்து, உயிரித் தொழில்நுட்பம் பக்கம் போகிறவர்களுக்கு அந்த எம்.எஸ்சி. மிகவும் உதவும். நீதிமன்ற வழக்காடலே குறி, தடயவியலும் சுற்றுச்சூழலும் பிடிக்கும் என்பவர்களுக்கு ஐந்து வருஷப் படிப்பு பொருந்தும்.

சேர்ந்தவர்கள் முதல் வருஷத்தில் தடுமாறுவது விடை எழுதுவதில். வேதியியலில் சரியான விடை ஒன்றுதான். சட்டத்தில் இரு பக்க வாதத்தையும் வைத்து, தீர்ப்புகளைக் காட்டி, பிறகு முடிவுக்கு வர வேண்டும். முடிவை முதல் வரியிலேயே எழுதிவிட்டு நிறுத்தினால் மதிப்பெண் கிடைக்காது. வருகைப் பதிவையும் கவனியுங்கள்: பார் கவுன்சில் விதி பாடத்துக்குப் பாடம் 70 சதவீதம் கேட்கிறது, ஒட்டுமொத்தச் சராசரி மட்டும் காப்பாற்றாது. இன்டர்ன்ஷிப் ஐந்து வருஷத்தில் குறைந்தது 20 வாரம், ஒரு கல்வியாண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. அதனால் கடைசி வருஷத்துக்கு என்று தள்ளிவைக்க முடியாது. முதலில் விசாரணை நீதிமன்றம், பிறகு சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்விலோ உயர் நீதிமன்ற அறிவுசார் சொத்துப் பிரிவிலோ வழக்கு நடத்தும் வக்கீலிடம் என்று வரிசைப்படுத்தலாம்.

கல்லூரிக்குப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் லேப், எந்தப் பாடம் எந்த செமஸ்டர் வரை வருகிறது, அறிவியல் ஆசிரியர்கள் நிரந்தரமா, பகுதிநேரமா என்று கேளுங்கள். போன வருஷ அறிவியல் வினாத்தாளை வாங்கி, பக்கத்து ஊர்க் கலைக் கல்லூரி பி.எஸ்சி. வினாத்தாளோடு வைத்துப் பாருங்கள். முன்பு படித்து முடித்த ஒருவரின் பட்டச் சான்றிதழில் பி.எஸ்சி. என்று தெளிவாக அச்சாகியிருக்கிறதா, எந்தப் பாடத்தில் என்று மதிப்பெண் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பணம் கட்டும் முன் கண்ணால் பார்த்துவிடுங்கள்.