பூட்டிய வார்டு எச்.ஐ.வி.க்குத் தடுப்பூசி அல்ல

“மனநல மருத்துவமனையில் பூட்டிய வார்டில் இருப்பவருக்கு எச்.ஐ.வி. பரிசோதனை எதற்கு?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தொற்று அவருடனேயே உள்ளே வந்திருக்கலாமே! கடுமையான மனநோய் உள்ளவர்களிடம் எச்.ஐ.வி. பொதுமக்களைவிடக் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மறதி, மனக்குழப்பம், சில வேளை மனப்பித்துகூட (மிதமிஞ்சிய உற்சாகமும் பரபரப்பும்) இந்தக் கிருமி மூளையைப் பாதிப்பதால் வரக்கூடும். காரணம் அதுவாக இருந்தால் மனநல மாத்திரை மட்டும் போதாது.

சேர்த்த அன்று ‘நெகட்டிவ்’ வந்தால் கதை முடிந்தது என்பதும் சரியல்ல. ஆன்டிஜன் (கிருமியின் புரதம்), ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) இரண்டையும் பார்க்கும் ஆய்வகச் சோதனையிலேயே, புதிய தொற்று தெரிய 18 முதல் 45 நாள் ஆகலாம்.

அதற்காகச் சொல்லாமல் கொள்ளாமல் இரத்தம் எடுத்துவிடக் கூடாது. மனநோய் இருப்பதாலேயே ஒருவர் சம்மதிக்கும் திறனை இழந்துவிடுவதில்லை. அவசரமில்லை என்றால், குழப்பம் தணிந்த பிறகு விளக்கிக் கேட்கலாம்.