தங்கச்சியின்ர மோதிரம் போலியில்லை

ரெண்டு கிழமையா மனசுக்க கிடந்து அரிக்குது, எழுதாட்டில் நித்திரை வராது. என்ர சின்னம்மாவின்ர மகளுக்குப் போன மாசம் கிளிநொச்சியில கலியாணம், மாப்பிள்ளை கனடா, அவர் கொண்டுவந்து போட்ட மோதிரத்தில ஒரு சின்ன வைரம். லாப்பில, அதாவது ஆய்வுகூடத்தில, வளர்த்த வைரம் எண்டு அவரே முதலே சொல்லி, அதின்ர பேப்பரையும் சின்னம்மாவின்ர கையில குடுத்தவர். கலியாண வீட்டில ஆரோ ஒராள் "அது மெசினில செய்த போலிக் கல்லாம்" எண்டு கதையை விட, பந்தி முடியிறதுக்கிடையில எல்லாற்ற காதுக்கும் போட்டுது. பிள்ளை அண்டைக்கே கழட்டி அலுமாரிக்க வைச்சிட்டாள்.

நான் ஏ.எல் பிள்ளையளுக்கு இரசாயனம் படிப்பிக்கிறனான். ஒவ்வொரு வருசமும் போர்ட்டில வைரத்தின்ர கட்டமைப்பைக் கீறுறன், ஒரு காபன் அணு, அதைச் சுத்தி நாலு காபன் அணு, அப்பிடியே போய்க்கொண்டிருக்கும். பூமிக்குள்ள வந்த வைரத்துக்கும் லாப் வைரத்துக்கும் அந்தப் படம் ஒண்டுதான். போலி எண்டால் வேற பொருளை வைரமெண்டு சொல்லி விக்கிறது. தோட்டுக்கு வைக்கிற "அமெரிக்கன் டயமண்ட்" சேர்க்கோனியம் ஒட்சைட்டு, அதில காபனே இல்லை, அதைப் போலி எண்டு சொல்லுங்கோ நான் ஒண்டும் கதைக்கேல்ல.

அப்ப வித்தியாசமே இல்லையோ எண்டால், இருக்கு, அதுதான் எனக்குப் பிடிச்ச இடம். இயற்கை வைரம் கூடுதலா 150, 200 கிலோமீற்றர் ஆழத்தில உருவாகினது, கிளிநொச்சியில இருந்து வவுனியா போற தூரத்தைப்போல ரெண்டு மடங்கை நேர கீழ தோண்டினால்தான் அந்த இடம் வரும். வயசு நூறு கோடி வருசத்துக்கு மேல, சிலதுக்கு முந்நூறு கோடி. அவ்வளவு காலம் அந்தச் சூட்டில கிடக்கேக்க உள்ளுக்கு மாட்டுப்பட்ட நைதரசன் அணுக்கள் மெல்ல மெல்ல நகர்ந்து ரெண்டு ரெண்டா, நாலு நாலாச் சேரும். லாப்பில ஒரு கல்லு வளர ஒருசில கிழமைதான், அதுக்குள்ள நைதரசனுக்குச் சேர நேரமில்லை, தனித்தனியா நிக்கும், இல்லாட்டில் நைதரசனே இராது. யோசிச்சுப் பாருங்கோ, கல்லுக்குள்ள காலம் எழுதியிருக்கு, அதை வாசிக்க மெசின் இருக்கு.

லாப்பிலயும் ரெண்டு வழி. ஒண்டு 1954 மார்கழியில அமெரிக்காவில ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியில ட்ரேசி ஹோல் எண்ட விஞ்ஞானி செய்து காட்டின வழி, பெரிய அமுக்கம், 1300 பாகைக்கு மேல வெப்பநிலை, உருகின உலோகத்துக்குள்ள காபன் கரைஞ்சு பளிங்காகும். அதால சில கல்லுக்குள்ள இரும்பு, நிக்கல் துணிக்கை மாட்டுப்பட்டு காந்தத்துக்கு இழுபடும். மற்றது மெதேனையும் ஐதரசனையும் பிளாஸ்மாவாக்கி அணு அணுவாப் படிய வைக்கிறது. குறுகிய அலைநீளக் கழியூதா ஒளியில வைச்சுப் பாத்தால் படைபடையா வளர்ந்த தடம் ஒளிரும்.

ஆனா கடையில பேனை மாதிரி வைச்சு "பீப்" எண்டு சத்தம் கேட்டவுடன "ஒறிஜினல்" எண்டு சொல்லுறாங்கள் பாருங்கோ, அது வெப்பத்தை எவ்வளவு கெதியாக் கடத்துது எண்டுதான் பாக்குது, லாப் வைரமும் அதில பாஸ்.

என்ர கோவம் லாப் கல்லில இல்லை, மறைக்கிறதிலதான். மண்ணுக்க இருந்து வந்த வைரத்தையும் மாத்தலாம். 1904இலயே வில்லியம் குரூக்ஸ் எண்ட ஆங்கிலேய விஞ்ஞானி கதிர்வீச்சு விடுற இரேடியத்துக்குள்ள வைச்சு வைரத்தைப் பச்சையாக்கினவர். பழுப்பு வைரத்தைத் திரும்பச் சூட்டிலயும் அமுக்கத்திலயும் போட்டு வெள்ளையாக்கி விக்கிற வியாபாரம் 1999இல வெளியில வந்தது. வெடிப்புக்குள்ள ஈயக் கண்ணாடி உருக்கி விட்டு வெடிப்பைக் கண்ணுக்குத் தெரியாமப் பண்ணுறதும் இருக்கு. இப்பிடிக் கண்ணாடி விட்ட கல்லைச் சொல்லாம வித்தால், நாளைக்கு எங்கட ஊர்ப் பத்தர் மோதிரத்தைப் பெருப்பிக்க நெருப்பு வைக்கேக்க கண்ணாடி உருகி வெடிப்பு வெளிய வரும், பழி அந்தப் பத்தரின்ர தலையில விழும், அந்த மனுசன் என்ன பிழை செய்தவர்?

தெரியாமல் ஏமாறினதில எங்கட நாட்டுக்கே ஒரு கதை இருக்கு. எழுபதுகளில பால் நிறக் கெவுடாக் கல்லை உதவாக் கல்லெண்டு மலிவா வித்தம், தாய்லாந்துக்காரர் அதைச் சூடாக்கி நீல மாணிக்கமாக்கி விலைக்கு வித்தினம். கல்லை மாத்துற வழி தெரியாத எங்களுக்கு நட்டம், சூட்டின்ர கணக்குத் தெரிஞ்சவைக்கு லாபம்.

இன்னொண்டையும் மறைக்காமல் சொல்லவேணும். வன்னியில நகை எண்டால் அவசரத்துக்குக் கை குடுக்கிறது. 2009இல யுத்தம் முடிஞ்ச பிறகு கையில மிஞ்சின ஒண்டு ரெண்டு பவுணை அடகு வைச்சுத்தான் எத்தினை பேர் கொட்டில் போட்டு, விதைநெல் வாங்கித் தொடங்கினவை. அடகு வைக்கேக்க கல்லைக் கழிச்சுப்போட்டுத்தான் பவுணை நிறுப்பினம், இயற்கை எண்டாலும் லாப் எண்டாலும் அந்த மேசையில ஒண்டுதான். அதால கல்லுக்காக நிலத்தை வித்துக் காசு குடுக்காதேங்கோ.

வெளிநாட்டில இருந்து அனுப்புற உறவுகளே, கல்லு எங்க உருவானது, அதுக்கு என்ன செய்தவை எண்டு எழுதின பேப்பரையும் சேர்த்து அனுப்புங்கோ. மாப்பிள்ளை நேர்மையாச் செய்தவர், அந்த நேர்மைக்குத்தான் இஞ்ச போலி எண்டு பேர் வைச்சிருக்கினம். இந்த ஞாயிறு பந்து, குச்சி வைச்சுச் செய்த அந்தக் காபன் மொடலைத் தூக்கிக்கொண்டு சின்னம்மா வீட்டை போறன், அலுமாரியைத் திறக்கப் பண்ணாமல் திரும்பி வரமாட்டன்.