மாமாவின் கண்ணும் கொட்டிலில் இருந்த மருந்துப் போத்தலும்

திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்தில் மாமாவுக்கு மூன்று ஏக்கர் வயல். போன சிறுபோக வெட்டு முடிந்து வைக்கோல் அள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு தாள் வலது கண்ணில் கீறிவிட்டது. "வைக்கோல்தானே பிள்ளை, தண்ணியில கழுவினாச் சரி" என்று சொல்லிவிட்டுப் பின்னேரம் வரைக்கும் வேலை செய்தார். மூன்றாம் நாள் கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு இருந்தார்.

முதலில் காட்டிய இடத்தில் அன்டிபயோட்டிக் சொட்டு மருந்தும், வீக்கம் குறைய ஸ்டீரொய்ட் சொட்டும் கொடுத்தார்கள். இரண்டு நாள் சுகம் மாதிரி இருந்தது, அப்புறம் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி வந்து பெருக்கத் தொடங்கியது. இரண்டு கிழமை போய்விட்டது. வேறொரு இடத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே கண்ணை மரக்கப் பண்ணி, புண்ணின் விளிம்பை மெல்லச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, பொட்டாசியம் ஐதரொட்சைட்டு ஒரு துளி விட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். என்னையும் பார்க்கச் சொன்னார் டொக்டர். மெல்லிய நூல் நூலாக, கிளை விட்டுப் பின்னிக் கிடந்தது. பங்கசு. சில நிமிட வேலை அது, முதல் நாளே யாராவது செய்திருந்தால் மாமாவின் கண்ணில் இன்றைக்கு இந்தத் தழும்பு இருந்திருக்காது என்ற கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. பங்கசு இருக்கிற கண்ணுக்கு ஸ்டீரொய்ட் விடுவது எரிகிற அடுப்பில் விறகு வைப்பது போல. வயல் வேலை செய்கிறவர் கண்ணில் வைக்கோல் பட்டது என்று வந்தால் பங்கசைச் சந்தேகிக்க வேண்டும் என்பது நம்மைப் போன்ற நெல் நாடுகளில் புது விசயமே இல்லை.

நட்டாமைசின் என்கிற சொட்டு மருந்து கொடுத்தார்கள். பால் மாதிரி வெள்ளை, அடியில் படிந்துவிடும், ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். மணிக்கொரு தடவை, இராத்திரியும். மாமி போனில் அலாரம் வைத்து வைத்து எழும்பினார். இந்த மருந்தைப் பற்றித் தேடி வாசித்தபோது ஒன்று தெரிந்தது. பழைய நட்டாமைசினா, புதிய வொரிகொனசோலா நல்லது என்று மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் பெரிய ஆய்வு செய்து 2013இல் முடிவு வெளியிட்டார்கள். பழையதுதான் வென்றது, அதுவும் பியூசேரியம் என்கிற பங்கசுக்கு மிகத் தெளிவாக. தமிழ் பேசும் விவசாயிகளின் கண்களிலிருந்து கிடைத்த விடை இன்றைக்கு உலகம் முழுக்கப் பயன்படுகிறது.

வொரிகொனசோல் என்ற பெயரை வாசித்ததும் எனக்கு மாமாவின் கொட்டில் ஞாபகம் வந்தது. அங்கே மருந்து டாங்கிக்குப் பக்கத்தில், முக்கால்வாசி முடிந்த ஒரு போத்தல் இருந்தது. நெல்லில் பங்கசால் வருகிற எரிபந்தத்துக்கும் மடல் கருகலுக்கும் அடிக்கிறது. லேபிளில் டெபுகொனசோல் என்று போட்டிருந்தது. இரண்டு பெயருக்கும் ஒரே வால். பெயர் மட்டும் இல்லை, வேலையும் ஒன்றுதான். பங்கசின் கலத்தைச் சுற்றியிருக்கிற மென்சவ்வுக்கு எர்கொஸ்டெரோல் என்ற கொழுப்பு வேண்டும், அதைச் செய்கிற நொதியத்தை இந்த அசோல் மருந்துகள் அடைத்துவிடும். வயலில் அடிப்பது அண்ணன், ஆஸ்பத்திரியில் கொடுப்பது தம்பி.

இதில் என்ன பிரச்சினை என்றால், நாம் எரிபந்தத்துக்கு அடிக்கிற மருந்து எரிபந்தத்தோடு நிற்பதில்லை. அழுகுகிற வைக்கோலிலும் கூட்டெருவிலும் அஸ்பெர்ஜிலஸ் பியூமிகேற்றஸ் என்று ஒரு பங்கசு சும்மா வாழ்ந்துகொண்டிருக்கும். அதன் வித்திகளை எல்லோரும் தினமும் சுவாசிக்கிறோம், உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்கும்வரை பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர், உறுப்பு மாற்றியவர் என்று வரும்போது நுரையீரலைத் தின்றுவிடும். நெதர்லாந்தில், வாழ்நாளில் ஒரு அசோல் குளிசை கூட எடுக்காத நோயாளிகளிடம் அசோலுக்கு மசியாத அஸ்பெர்ஜிலஸைக் கண்டுபிடித்தார்கள். அது எங்கே பழகியது என்று தேடிப் போனால் பூத்தோட்டங்களின் தாவரக் கழிவுக் குவியல். உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் முதன்முறையாக 19 ஆபத்தான பங்கசுகளைப் பட்டியல் போட்டபோது மிக உயர்ந்த வரிசையில் வைத்த நான்கில் இதுவும் ஒன்று.

பங்கசு செடியை விட மிருகத்துக்குத்தான் கிட்டிய சொந்தம். அதனால் நம்மைப் பாதிக்காமல் அதை மட்டும் கொல்லுகிற மருந்து கண்டுபிடிப்பது கஷ்டம். உடம்புக்குள் பரவிய பங்கசுக்குக் கையில் இருக்கிற மருந்து வகைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஒலோரொபிம் என்று அபூர்வமாக ஒரு புது வகை பல வருட உழைப்பில் உருவாகி வரும்போதே, அதே இடத்தில் தாக்குகிற இப்புளுபெனோகுயின் என்ற பயிர் மருந்தும் வந்துவிட்டது. ஒன்றுக்குப் பழகிய பங்கசு மற்றதுக்கும் மசியாது என்று ஆய்வுகூடத்தில் ஏற்கனவே காட்டிவிட்டார்கள். இரண்டு பக்கத்தாரும் முதலிலேயே ஒரே மேசையில் இருந்து பேசியிருக்க வேண்டாமா?

நான் கமக்காரரைக் குற்றம் சொல்லவில்லை. கழுத்து எரிபந்தம் வந்த வயலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கதிர் வெள்ளையாக நிமிர்ந்து நிற்கும், உருவிப் பார்த்தால் எல்லாம் சப்பி. கடனுக்கு விதைத்தவன் பயப்படாமல் என்ன செய்வான்? 2021இல் அரசாங்கம் ஒரே இரவில் இரசாயன உரத்துக்கும் பயிர் மருந்துக்கும் தடை போட்டு விவசாயிகளைப் படுத்திய பாட்டுக்குப் பிறகு, "எல்லாவற்றையும் நிறுத்து" என்று யாராவது சொன்னால் முதலில் எதிர்ப்பவள் நான். ஆனால் நோயே இல்லாத வயலுக்கு, கடைக்காரர் "எதுக்கும் ஒருக்கா அடிச்சு விடுங்க" என்றார் என்பதற்காக அடிப்பது காசுக்கும் நட்டம், நாளைக்கு ஆஸ்பத்திரியில் படுக்கப்போகிறவருக்கும் நட்டம். யூரியாவை அள்ளிப் போடுகிற வயலில்தான் எரிபந்தம் குடிகொள்ளும். அதைக் குறைத்து, தாங்குகிற இனத்தை விதைத்தால் பாதிப் பயம் போய்விடும்.

இன்னொன்று, நல்ல பங்கசும் அதே மண்ணில்தான் இருக்கிறது. நிலாவெளிப் பக்கம் மணலில் சின்ன வெங்காயம் வைக்கிறார்களே, ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள், கட்டையாக, வேர்மயிர் அதிகம் இல்லாமல் மொட்டையாக இருக்கும். அந்த வேர் எட்டாத இடத்திலிருந்து பொசுபரசைக் கொண்டுவந்து கொடுப்பது வேரோடு ஒட்டி வாழும் பங்கசு நூல்கள். கூலியாகச் செடி அதற்குச் சீனி கொடுக்கிறது. இப்படி உலகத் தாவரங்கள் ஒரு வருடத்தில் பங்கசுகளுக்குக் கொடுக்கிற காபன், காபனீரொட்சைட்டாகக் கணக்குப் போட்டால், சுமார் 1,300 கோடி தொன் என்று 2023இல் ஒரு ஆய்வு மதிப்பிட்டது. பொசுபேற்று உரத்தைக் கூட்டிப் போட்டால் செடி இந்தக் கூட்டாளியைக் கைவிட்டுவிடும். பிறகு உரம் இல்லாமல் வெங்காயம் நிமிராது. ட்ரைக்கோடெர்மா இன்னொரு வகை, வேரழுகல் பங்கசைச் சுற்றிப் பின்னிக் கரைத்துத் தின்றுவிடும். அதைக் கூட்டெருவில் கலந்து வைத்த பாத்திக்கு மேலாலேயே பங்கசு நாசினி அடிக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பெரும்போகத்துக்கு முந்தி கமநல சேவை நிலையத்தில் கூட்டம் இருக்கும். விவசாயப் போதனாசிரியரும் வருவார். மாமாவையும் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன். அந்தப் போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு, இந்த வகையை எப்போது அடிக்க வேண்டும், எப்போது அடிக்கவே கூடாது என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லச் சொல்லிக் கேட்கப்போகிறேன். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் இருக்கிறவர்களும் உங்கள் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். அப்புறம், வைக்கோல் அள்ளப் போகிறவர்களுக்கு ஒரு சாதாரண பிளாஸ்டிக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். மாமா இப்போது போடுகிறார். வலது கண்ணால் என் முகம் தெரிகிறது, பேப்பர் எழுத்துத்தான் தெரிவதில்லை என்கிறார்.