குகைக்குப் பதினைந்து நிமிடம்

(கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ், பூக்கடை. கல்லாப்பெட்டியின் மேல் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள். மூன்று நிறங்களில் கட்டம் கட்டியிருக்கிறது. மங்களம் அக்கா அதைப் படித்து முடித்துவிட்டார். தாளைத் தேடி மூச்சிரைக்க ஓடிவருகிறார் குமரன்.)

மங்களம்: வேலை மாற்றிவிட்டாய், ஒரு வார்த்தை சொல்லவில்லையே தம்பி.

குமரன்: எந்த வேலை அக்கா?

மங்களம்: 8.30 ரயில் நிலையம். 8.40 மணிக்கூண்டு. 8.50 நகர மண்டபம். 9.05 சுவர். 9.15 இன்னொரு சுவர். பார்சல் கொடுக்கும் வேலைதானே? பேராக் மாநிலத்து ஈப்போ வரைக்கும் அனுப்புகிறார்களே, வண்டி அவர்களுடையதா, எண்ணெய்க் காசு உன்னுடையதா?

குமரன்: ஐயோ அக்கா, இது சுற்றுலா! அம்மா, அண்ணன் குடும்பம், நாங்கள் எல்லாரும் வருகிற சனிக்கிழமை போகிறோம்.

மங்களம்: குடும்பமே பார்சல் போடுகிறதா? நல்லது, ஆள் கூலி மிச்சம்.

குமரன்: பார்சல் இல்லை அக்கா. ஊரைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம்.

மங்களம்: பத்து நிமிடத்தில் என்ன பார்ப்பாய்? மணியை அடித்து, பெயரைக் கேட்டு, கையெழுத்து வாங்குவதற்குத்தான் பத்து நிமிடம் சரியாக இருக்கும்.

குமரன்: இரண்டு நாளில் இருபத்தாறு இடம். கணக்குப் போட்டால் பத்துப் பத்து நிமிடம்தான் வருகிறது.

மங்களம்: அந்த ரயில் நிலையம் 1917இல் கட்டி முடித்தது. நம் கோலாலம்பூர் பழைய ரயில் நிலையத்துக்குக் கட்டட வரைபடம் போட்டாரே ஹப்பக் துரை, அவருடைய கைவேலைதான் அதுவும். ஏழு வருடம் கழித்து அங்கே போய்ப் பெரிதாகவே கட்டிவைத்தார். எதிரே ஈப்போ மரம் நிற்கிறது. ஊருக்கு அந்த மரத்தின் பெயர்தான். அதன் பாலை ஒராங் அஸ்லி பூர்வகுடி மக்கள் ஊதுகுழல் அம்பின் நுனியில் தடவுவார்கள். பட்டால் விலங்கு பிழைக்காது.

குமரன்: மரத்தோடு ஒரு படம் எடுப்பதாக எழுதியிருக்கிறேன் அக்கா. பச்சைக் கட்டம்.

மங்களம்: கட்டிப்பிடித்து எடு.

(அக்கா முல்லைச் சரத்தில் அடுத்த முடிச்சைப் போடுகிறார். வாழைநார் காய்ந்துவிடாமல் இருக்கத் தண்ணீர்க் கிண்ணத்தில் விரலை நனைத்துக்கொள்கிறார். அந்த விரலாலேயே தாளைத் தொட்டும் மை கலையவில்லை. உறை போட்டதன் பயனை குமரன் பெருமையாகப் பார்க்கிறார்.)

மங்களம்: சுவரில் யார் இருக்கிறார்கள்? பெயர் போடவில்லையே.

குமரன்: ஓவியம் அக்கா. பினாங்கில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளை வரைந்தாரே லித்துவேனியாக்காரர், அவர் 2014இல் இங்கேயும் வந்து வரைந்திருக்கிறார். ஒரு தாத்தா கோப்பையைத் தூக்கிக் காப்பி குடிப்பார். அவர் பக்கத்தில் நின்று நாமும் குடிப்பதுபோல் படம் எடுக்க வேண்டும்.

மங்களம்: அதே தெருவில் காப்பிக்கடை நாற்காலியில் உயிரோடு ஒரு தாத்தா உட்கார்ந்திருப்பார். அவரோடு?

குமரன்: அவர் யார்?

மங்களம்: அதைத்தான் போய்க் கேட்கச் சொல்கிறேன்.

குமரன்: அது பட்டியலில் இல்லை அக்கா.

மங்களம்: சரி, இந்த மஞ்சள் கட்டம்? காப்பி, நாற்பத்தைந்து நிமிடம். எல்லாவற்றுக்கும் பத்து, காப்பிக்கு மட்டும் நாற்பத்தைந்தா?

குமரன்: வரிசை அக்கா. சனிக்கிழமை காலையில் கூட்டம் தெரு வரைக்கும் நிற்குமாம்.

மங்களம்: மார்ஜரின் போட்டு வறுத்த கொட்டை, அதன்மேல் டின்பால். சர்க்கரை நோய் உள்ள அம்மாவை வெயிலில் நாற்பத்தைந்து நிமிடம் நிறுத்தி அதை வாங்கிக் கொடுக்கப் போகிறாய். இரண்டு கடை தள்ளி அதே காப்பியை உட்காரவைத்துக் கொடுப்பார்கள்.

குமரன்: அந்தக் கடைக்குப் பெயர் இல்லையே அக்கா.

மங்களம்: பெயர் இருக்கிறது. வரிசைதான் இல்லை.

(ஈப்போவில் ஒரு சனிக்கிழமை காலையில் இதை எழுதுகிற நானும் இதைப் பார்த்தேன். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேருக்கு முன்னால் எந்தக் கடை இருக்கிறது என்றே தெரியவில்லை. வரிசை நீளமாக இருந்தது, அதனால் நின்றார்கள்.)

மங்களம்: 10.30 பேராக் தோங், பதினைந்து நிமிடம். 10.55 சம் போ தோங், பத்து நிமிடம். வடக்கே இருக்கிற குகை ஒன்று, தெற்கே இருக்கிற குகை ஒன்று. நடுவில் முழு ஊரும் கிடக்கிறது. பறந்து போவாயா?

குமரன்: கூகுள் பத்து நிமிடம் என்கிறது.

மங்களம்: கூகுளுக்குச் சமிக்ஞை விளக்கு இல்லை. பேராக் தோங் 1926இல் உண்டான குகைக்கோயில். உள்ளே சுவர் முழுக்க ஓவியம், பின்பக்கம் மேலே ஏறப் படிகள். நானே சின்னப் பெண்ணாக இருந்தபோது மேலே போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கியது. உன் அம்மாவின் முழங்கால் பதினைந்து நிமிடத்தில் எத்தனை படி ஏறும்?

குமரன்: அம்மா கீழே இருக்கட்டும்.

மங்களம்: அப்படியென்றால் அவர் பார்சலைப் பார்த்துக்கொள்வார். புத்தரிடம் யார் கையெழுத்து வாங்குவது?

குமரன்: அக்கா!

மங்களம்: சம் போ தோங்கில் ஆமைக் குளம் இருக்கிறது. ஆமைக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறாயே, தலையை வெளியே நீட்டலாமா வேண்டாமா என்று அது யோசிப்பதற்கே பத்து நிமிடம் வேண்டாமா? பாவம், அது கையெழுத்துப் போடுவதற்குள் நீ அடுத்த குகைக்குப் போய்விடுவாய்.

குமரன்: குவா தெம்புரோங்குக்கு முப்பது நிமிடம் கொடுத்திருக்கிறேன்.

மங்களம்: கோப்பெங் பக்கத்துக் குகையா? அதற்குள் ஆறே ஓடுகிறது. தண்ணீரில் தவழ்ந்து போகும் நீண்ட சுற்றுக்கு அரை நாள் பிடிக்கும், முட்டி சிராய்த்துத்தான் திரும்பி வருவார்கள். முப்பது நிமிடத்தில் நீ டிக்கெட் வாங்கியிருப்பாய். அதைக் கையில் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொள். சரி, இதில் கழிப்பறை எங்கே?

குமரன்: என்ன?

மங்களம்: காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு இரவு ஒன்பது மணி வரைக்கும் எழுதியிருக்கிறாய். சர்க்கரை நோயாளி அம்மா, இரண்டு சின்னப் பிள்ளைகள். இந்த மூன்று நிறத்தில் கழிப்பறைக்கு எந்த நிறம்?

(குமரன் தாளைத் திருப்பிப் பார்க்கிறார். பின்பக்கம் இரண்டாம் நாள். அங்கேயும் இல்லை.)

குமரன்: நடுவில் எங்கேயாவது...

மங்களம்: நடுவில்தான் உனக்கு எதுவுமே இல்லையே. 8.40, 8.50, 9.05. ஓர் இருமல் வந்தாலே ஒரு குகை போய்விடும்.

குமரன்: இரண்டாம் நாள் நிதானம் அக்கா. பத்து காஜா என்கிற ஊர்ப் பக்கம் கெல்லி மாளிகைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். பேய் இருக்கிறதாம். அண்ணன் மகன் காணொளி எடுக்கப் போகிறான்.

மங்களம்: பேய்க்கு ஒரு மணி நேரம். அம்மனுக்கு?

குமரன்: எந்த அம்மன்?

மங்களம்: ஸ்காட்லாந்துக்காரர் கெல்லி ஸ்மித் அந்த மாளிகையைக் கட்ட நம் ஆட்களைத்தான் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். செங்கல்லும் ஓடும்கூட மதராஸிலிருந்து வந்தவை. நடுவில் விஷக்காய்ச்சல் வந்து ஆட்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். மாரியம்மனுக்கு ஒரு கோயில் கட்டித் தாருங்கள் என்று மிச்சம் இருந்தவர்கள் கேட்டார்கள். கட்டிக் கொடுத்தார். நன்றிக்கு, கோயில் கூரைமேல் சாமிகளோடு சாமியாக அவருக்கும் ஒரு சிலை வைத்தார்கள். அவர் 1926இல் லிஸ்பனில் காலமானார், மாளிகை பாதியில் நின்றது. கோயில் இன்னும் இருக்கிறது. மாளிகைக்குப் பக்கத்தில்தான். பஸ் பஸ்ஸாக வருகிறவர்கள் பேயைத் தேடிவிட்டு அப்படியே திரும்பிப் போகிறார்கள்.

குமரன்: அந்தக் கோயிலை யாரும் சொல்லவே இல்லையே.

மங்களம்: உன் அம்மா எங்கே பிறந்தார்?

குமரன்: அங்கேதான், பத்து காஜா பக்கத்தில் ஒரு தோட்டம்.

மங்களம்: அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது? பச்சையா மஞ்சளா?

குமரன்: அங்கே போய் என்ன பார்ப்பது அக்கா? தொழிலாளர் குடியிருந்த லயம் எல்லாம் இடித்துவிட்டார்கள். ரப்பரை அழித்து எல்லாம் செம்பனை, அந்த எண்ணெய்ப்பனை, போட்டாயிற்று.

மங்களம்: சுவரில் வரைந்த தாத்தாவுக்குப் பத்து நிமிடம். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய உன் சொந்தத் தாத்தாவுக்கு ஒன்றுமில்லை.

(சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. இதற்குள் ஒருவர் வந்து இரண்டு முழம் கேட்டு, ஒரு முழத்துக்குப் பேரம் பேசி, வாங்காமல் போகிறார்.)

குமரன்: சரி அக்கா, தோட்டத்தைச் சேர்க்கிறேன். எத்தனை மணிக்குப் போடட்டும்?

மங்களம்: அதை அம்மாவிடம் கேள். கிந்தா ஆற்றை எங்கே போட்டிருக்கிறாய்?

குமரன்: பழைய நகரத்திலிருந்து புதிய நகரத்துக்குப் போகும்போது பாலத்தில் கடப்போம்.

மங்களம்: ஓடுகிற காரிலிருந்தா? கோர்பு மலையில் பிறந்து ஊரையே இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஓடுகிற ஆறு. அதன் பள்ளத்தாக்கில் கிடந்த வெள்ளீயத்தைத் தேடித்தான் அத்தனை பேரும் அங்கே வந்தார்கள். வெயில் தாழ்ந்ததும் கரையில் போய் உட்காருங்கள்.

குமரன்: உட்கார்ந்து?

மங்களம்: உட்கார்ந்து கச்சாங் பூத்தே தின்னுங்கள், அதுதான் கடலை முறுக்கு வகை. ஈப்போவில் எங்கள் புந்தோங் பகுதியில் அதற்கென்றே ஒரு கிராமம் இருக்கிறது. எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்த ஆட்கள். பாரதி பிறந்த ஊர்க்காரர்கள் ஈப்போவுக்குக் கடலையும் முறுக்கும் கொண்டுவந்தார்கள். பேரங்காடியில் பாக்கெட்டாக வாங்காதே. அங்கேயே போ, எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு கொடுப்பார்கள். தின்று பார்க்கக் கொடுப்பதிலேயே பாதி வயிறு நிறைந்துவிடும்.

குமரன்: மஞ்சள் கட்டத்தில் போடுகிறேன். கல்லுமலை முருகனுக்கு எவ்வளவு நேரம்?

மங்களம்: பார்சலாக இருந்தால் ஐந்து நிமிடம். அர்ச்சனையாக இருந்தால் ஐயரைக் கேள். மலை அடிவாரத்துக் கோயில், அண்ணாந்து பார்த்தால் சுண்ணாம்புப் பாறை அப்படியே தலைக்குமேல் நிற்கும். 1973இல் அந்த மலைப் பக்கம் பாறை சரிந்து ஏறக்குறைய நாற்பது பேர் போனார்கள். எங்கள் தெருவில் அன்றைக்கு அடுப்புப் பற்றவைக்கவில்லை என்று என் அம்மா சொல்வார்.

குமரன்: அண்ணன் மகன் அதைக் காணொளிக்கு...

மங்களம்: அவனிடம் சொல்லாதே. காரில் எத்தனை பேர்?

குமரன்: ஏழு பேர்.

மங்களம்: ஒரே காரிலா?

குமரன்: ஒரே கார். பின்னால் மூன்றாவது வரிசை இருக்கிறது.

மங்களம்: அதில் வாந்தி எடுக்கிற பிள்ளை?

குமரன்: சின்னவள்.

மங்களம்: மூன்றாவது வரிசையிலா உட்கார்வாள்?

குமரன்: ஆமாம்.

மங்களம்: போகிற வழியில் பீடோரில் நிறுத்துவீர்களா?

குமரன்: கொய்யா வாங்க நிறுத்துவோம். விதையில்லாக் கொய்யா அங்கேதானே பேர்போனது. ஐந்து நிமிடம் போட்டிருக்கிறேன்.

மங்களம்: சின்னவளுக்கும் கொடுப்பீர்கள்?

குமரன்: கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா?

மங்களம்: அது அடுத்த ஊர் தாப்பாவில் வெளியே வரும்.

(குமரன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுக்கிறார். பிளாஸ்டிக் உறைமேல் எழுத வரவில்லை. கல்லாப்பெட்டியில் கிடந்த ரசீதைத் திருப்பி எழுதுகிறார்.)

குமரன்: தாப்பா, 7.40 முதல் 7.50 வரைக்கும். போதுமா அக்கா?