லெவி கடைக்குள் காதைத் தீட்டிக்கொண்டு போங்கள்

பிரெஞ்சு இயக்குநர் ஆந்த்ரே யூகோன் யூத வியாபாரிகளை வைத்து 1930-இல் எடுத்த நகைச்சுவைப் படம் ‘லெவி எ கொம்பனி’. அது யூதர்களை இழிவுபடுத்தும் படமா, செல்லக் கிண்டலா என்று எப்போதும் ஒரு சண்டை உண்டு. இரு தரப்பும் கதையை வைத்தே வாதாடுகிறது. படத்தின் குணம் கதையில் இல்லை, பேச்சில் இருக்கிறது என்பது என் கட்சி.

பிரெஞ்சு சினிமா அப்போதுதான் வாய் திறந்திருந்தது. முதல் முழுநீளப் பிரெஞ்சுப் பேசும்படத்தை 1929-இல் எடுத்தவரும் இதே யூகோன்தான். உள்ளூரில் ஒலிப்பதிவு வசதி தயாராகாததால் லண்டன் ட்விக்கனம் ஸ்டுடியோவுக்குப் போனார். அன்றைய கேமரா கடகடவென்று இரையும். அது மைக்கில் விழாமலிருக்க, கேமராவையே ஒரு கூண்டில் அடைத்தார்கள். நடிகர் மைக்கை விட்டு விலகினால் குரல் அமுங்கிவிடும். இந்த அவஸ்தையில் எடுக்கச் சுலபமானது எது? மேசைக்கு இப்பக்கம் ஒருவர், அப்பக்கம் ஒருவர், நடுவே பேரம்! கடைக்காரர் நகைச்சுவை அந்தக் கருவிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

கூடவே வந்தது உச்சரிப்புக் கேலி. பிரெஞ்சு மேடையில் யூத வியாபாரி என்றால் ஜெர்மன் எல்லையிலுள்ள அல்சாஸ் பக்கத்து ஜெர்மன் வாடை அடிக்கும் பிரெஞ்சு பேச வேண்டும். ‘b’ ஒலி ‘p’ ஒலியாகும். (தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. இந்த ஜோக்கை நம்மால் எழுதிக்காட்டக்கூட முடியாது.) மௌனப்படத்தில் இதை எழுத்து அட்டையில்தான் காட்டலாம். ஒலி வந்ததும் ஒவ்வொரு வரியும் கேலிக்கு வாசலாகிவிட்டது. அந்தக் காலப் படங்களை வசன வரிகளை மட்டும் படித்துவிட்டு ‘பாவம், சாதுவான படம்’ என்பவர்கள் பாதிப் படத்தைத்தான் பார்க்கிறார்கள்.

பழைய பிரதி என்றால் இன்னொரு சிக்கல். 35 மி.மீ. பிலிமின் ஓரத்தில் ஒலி பதிந்த ஒலிக்கோடு படத்துக்குச் சுமார் 20 ஃபிரேம் முன்னே ஓடும். அறுந்த இடத்தை வெட்டி ஒட்டினால் படம் ஓரிடத்தில் தாவும், பேச்சு வேறிடத்தில் விழுங்கப்படும். வினாடிக்கு 24 ஃபிரேம் என்பதால் இடைவெளி முக்கால் வினாடிக்குக் கொஞ்சம் மேல். நகைச்சுவையில் அது ஒரு முழு பதில்!

ஷார்ல் லாமியும் லெயோன் பெலியேரும் நடித்த இந்த லெவிகள் 1936 வரை திரும்பத் திரும்ப வந்தார்கள். அதே 1936-இல்தான் லெயோன் ப்ளும் பிரான்சின் முதல் யூதப் பிரதமரானார். நாடாளுமன்றத்திலேயே அவருடைய பிறப்பைக் குத்திக்காட்டினார்கள். ஜெர்மனி பிரான்சைப் பிடித்த 1940-இன் கொடுமைக்கு இந்தப் படங்களைக் குற்றவாளியாக்க மாட்டேன். ஆனால் வாயைத் திறந்தாலே யூதக் கடைக்காரர் தெரிந்துவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் இவற்றின் சிரிப்பு ஓடுகிறது. பாரிஸ் வாடிக்கையாளர்களுக்கு நிஜத்தில் அப்படித் தெரியவில்லை போலும். ஜெர்மானியரின் 1940 செப்டம்பர் 27 ஆணைப்படி ‘யூத நிறுவனம்’ என்று ஜன்னலில் அறிவிப்பு ஒட்டவைக்க வேண்டியிருந்தது. சில கடைக்காரர்கள் அதன் பக்கத்திலேயே முதல் உலகப் போரில் பிரான்சுக்காக வாங்கிய பதக்கங்களையும் வைத்தார்கள்.