தேருக்கு அடுத்த திங்கட்கிழமை

ஜேர்மனியின் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் தேருக்குப் போய் வந்த அன்றே எழுத நினைத்தது. வேலை, வீடு என்று தள்ளிக்கொண்டே போய், இன்றுதான் எழுதக் கை வந்தது.

தொழிற்பேட்டைக்குள் 2002இல் கும்பாபிஷேகம் கண்ட கோயில் அது. தேருக்கு ஜேர்மனி முழுக்க இருந்தும் சனம் வரும், பக்கத்து நாடுகளில் இருந்தும் வரும். காவடி, கற்பூரச்சட்டி, தாகசாந்தி, பிறகு கால்வாயில் தீர்த்தம். முதன்முதலில் அந்தக் கோபுரத்தைக் கண்டபோது நடுத்தெருவில் நின்று அழுதேன். ஊரை விட்டு வெளிக்கிட்ட நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அது.

ஆனாலும் திங்கட்கிழமை விடிய முதியோர் இல்லத்து வேலைக்குப் போகும்போது மனம் பழையபடி வறண்டுதான் கிடக்கும். பல வருடம் அப்படியே போனது. போவேன், அர்ச்சனை செய்வேன், அன்னதானத்தில் சாப்பிடுவேன், திரும்பி வருவேன். எந்தக் கோயிலுக்குப் போனாலும் நான் விருந்தாளியாகவே இருந்தேன்.

அம்மா யாழ்ப்பாணத்தில் கண்மூடியபோது என்னால் போக முடியவில்லை. அந்தியேட்டிச் சடங்கு முடிந்து வந்த சனிக்கிழமை, எங்கள் நகரத்துப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். ஒரு பழைய பண்டசாலையின் கீழ்த்தளம்தான் கோயில். கோபுரம் கிடையாது. அன்று மடப்பள்ளியில் ஆள் குறைவு. அங்கே நின்ற அக்கா ஒருவர், "தங்கச்சி, இந்தப் பூசணிக்காயை ஒருக்கா வெட்டித் தாரும்" என்றா. வெட்டினேன். பிறகு அண்டா கழுவினேன். இரவு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோதுதான் உணர்ந்தேன், அம்மா போன பிறகு அன்றைக்குத்தான் நெஞ்சு கொஞ்சம் இளகியிருந்தது.

கையில் உழவாரத்தோடு நிற்கும் அப்பரைச் சிறு வயது முதல் படத்தில் பார்த்தவள் நான். அவ்வளவு தேவாரம் பாடியவர் ஏன் கோயில் வீதிகளில் புல்லும் செதுக்கினார் என்பது அந்த அண்டாவைத் தேய்க்கும்போதுதான் விளங்கியது.

நம்மவர் பலர் மன அமைதிக்காகக் காசு கட்டி வார இறுதித் தியான முகாம்களுக்குப் போகிறார்கள். அதில் பயன் பெற்றவர்களையும் அறிவேன், குறை சொல்லவில்லை. ஆனால் எங்களிடம் ஏற்கெனவே இருந்த ஒன்றை ஊரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோமே என்ற கவலை எனக்கு உண்டு. புராணபடனத்தைத்தான் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துச் சைவ வாழ்வைக் 'கந்தபுராணக் கலாசாரம்' என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை சொன்னது சும்மா இல்லை. ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார், மற்றவர் பயன், அதாவது பாட்டின் பொருள், சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாச்சிக்கும் சூரபன்மன் கதை கிளைக்கதைகளோடு தெரிந்திருந்தது இப்படித்தான்.

அதையே இங்கு ஞாயிறு பின்னேரங்களில் தொடங்கினோம். எட்டுப் பேர். கந்தபுராணத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள். கிழமைக்கு 20 பாட்டு என்றால் பத்து வருடம் பிடிக்கும். "பத்து வருடமா?" என்று சிலர் மலைத்தார்கள். எனக்கோ அந்தக் கணக்குத்தான் தெம்பு தந்தது. அடுத்த பத்து வருடத்துக்கு ஞாயிறு மூன்று மணிக்கு நான் எங்கே இருப்பேன் என்று எனக்குத் தெரியும். வேலை ஒப்பந்தம், விசா, வாடகை வீடு என்று எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாமல் கழிந்த ஆயுளில் இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

என் கத்தோலிக்கத் தோழியும் இதைத்தான் சொல்கிறாள். ஓகஸ்ட் மாதம் தமிழர்கள் திரண்டு போகும் கெவெலார் நகரத்து மாதா திருயாத்திரைக்கு அவளோடு நானும் போவேன். அங்கே சைவக்காரரும் நிறைய மெழுகுதிரி ஏற்றுவார்கள். ஆனால் வருடம் முழுக்கத் தன்னைத் தாங்குவது தங்கள் பாடகர் குழுவின் வெள்ளிக்கிழமைப் பயிற்சிதான் என்பாள்.

நேரமில்லை என்பவர்களின் களைப்பு எனக்குத் தெரியும். இரவு வேலை முடித்துவிட்டு நானும் கண்ணெரிச்சலோடுதான் வந்து உட்காருகிறேன். ஆகவே உங்கள் ஊர்க் கோயிலில் எல்லாவற்றையும் செய்யச் சொல்லிக் கேட்கவில்லை. ஒரே ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள். பூ கட்டுங்கள், வாழையிலை துடையுங்கள், செருப்பு அடுக்குங்கள். தவறாமல் அதைச் செய்யுங்கள்.

இப்போது அசுர காண்டத்தில் நிற்கிறோம். பிள்ளைகளுக்குப் பாட்டு விளங்கவில்லை என்று போன மாதம் முதல் என் மகள் ஜேர்மன் மொழியில் பயன் சொல்கிறாள். நான் வாசிக்கிறேன். ஒவ்வொரு பாட்டு முடியவும் அவளுக்காக நிறுத்துகிறேன்.