இவ்வளவு நல்ல வேலையை ஏன் விட நினைக்கிறார்கள்?

பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் வேலையை விடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னால் போதும், "ஒரு நாளைக்கு ரெண்டு கிளாஸ், வருஷத்துக்கு ரெண்டு நீண்ட லீவு, இதைவிட என்ன வேணும்?" என்று கேட்க நாலு பேர் வந்துவிடுவார்கள்.

சம்பளம் ஒரு காரணம்தான். ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு அதுதான் முதல் காரணம். அடுத்த பருவத்துக்குக் கூப்பிடுவார்களா என்றே தெரியாதவரிடம் போய் ஆசிரியப் பணியின் மேன்மையைப் பேசுவது அநியாயம். எனக்குப் புதிராக இருந்தது நிரந்தர வேலையில் இருப்பவர்களும் போக நினைப்பதுதான்.

கேட்டுப் பார்த்தால், பாடம் நடத்துவதில் யாருக்கும் சலிப்பில்லை. நடத்தியதை நிரூபிப்பதில்தான் உயிர் போகிறது. பல இடங்களில் ஓர் அட்டவணை உண்டு. பாடத்தின் ஒவ்வொரு நோக்கமும் பட்டப்படிப்பின் எந்த இலக்கோடு எவ்வளவு பொருந்துகிறது என்று கட்டத்துக்குக் கட்டம் 1, 2, 3 எனப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் 3 போட்டால் சந்தேகம் வருமாம். அதனால் நடுநடுவே சில 2, ஒப்புக்கு ஒரு 1. யாரும் படிக்கப் போவதில்லை என்று தெரிந்தே ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து நிரப்புகிறார்கள். மறுநாள் வகுப்புக்கு என்ன தயாரிப்பது? போன வருஷக் குறிப்புதான்.

ஆராய்ச்சிப் பக்கமும் இதே கதை. 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் ஆராய்ச்சியாளர்களை அளக்க எச்-இன்டெக்ஸ் என்ற கணக்கை முன்வைத்தார். மற்றவர்கள் தலா 10 முறையாவது மேற்கோள் காட்டிய கட்டுரைகள் உங்களுக்கு 10 இருந்தால் உங்கள் எண் 10. எளிமையான கணக்கு, அதுதான் வினை. கட்டுரையைப் படிக்காமலே ஆளை எடைபோட முடிகிறது. பதவி உயர்வுக் குழுவுக்கு வேறென்ன வேண்டும்? 1964-இல் எழுதிய கட்டுரைகளுக்காக 2013-இல் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸ், இன்றைய முறையில் தனக்கு வேலையே கிடைத்திருக்காது என்று அதே ஆண்டில் சொன்னார். நோபல் வாங்கியவருக்கே அந்த நிலை என்றால் மற்றவர்களை விடுங்கள்.

நேரம் கிடைக்கவில்லை என்பதைவிட, கிடைத்த நேரம் துண்டு துண்டாகப் போவதுதான் கொடுமை. முக்கால் மணி நேரத்தில் ஒரு படிவத்தை முடிக்கலாம். புதிதாக ஒன்றை யோசிக்க முடியாது.

இதில் நிர்வாகங்கள் கவனிக்காத ஒன்று உண்டு. பொய்யாக 3 போட மனம் கூசுகிறவர்தான் முதலில் ராஜினாமாக் கடிதம் எழுதுகிறார். கூசாதவர் தங்கிவிடுகிறார், சீனியராகிறார், அப்புறம் அடுத்த படிவத்தைத் தயாரிக்கும் கமிட்டியிலும் அவர்தான் உட்காருகிறார்.